நல்ல கால்

என் கைகள் எப்போதும் கதகதப்பாக இருக்கும். என்னிடம் வருகிறவர்கள் மேசையில் படுத்ததும் முதலில் சொல்வது அதைத்தான். "நல்லவேளை, உங்க கை சில்லுன்னு இல்ல" என்பார்கள். நவம்பரிலேயே ஏரி உறைந்துவிடுகிற ஹாலட் மாதிரி ஊரில் ஒரு பிசியோதெரபிஸ்டுக்கு இது சின்ன வரம் அல்ல. முப்பத்தோரு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதற்கு முன்னால் என்மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. கோப்பில் பார்த்திருப்பீர்கள்.

காபி வேண்டாம், நன்றி. மேசைமேல் இரண்டு தாள்களை வைத்திருக்கிறீர்கள். ஒன்று போன நவம்பர் மாதத்தது, மற்றது டிசம்பர் பத்தாம் தேதியது. இரண்டிலும் இருப்பது என் கையெழுத்து. அவற்றைப் பற்றிக் கேட்கத்தான் உரிம வாரியத்திலிருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன், மறைக்க எதுவும் இல்லை. ஆனால் ஆற அமரச் சொன்னால்தான் புரியும். நடுவில் பிடித்துக் கேட்டால் நான் ஏதோ கொடுமைக்காரன் என்று தோன்றிவிடும்.

ஆம்ப்ரோஸ் டில்மன் என்னிடம் முதலில் வந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. கணுக்கால் சுளுக்கு. அவன் அம்மா வெர்லின் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வயதுக்கு மீறிய உடம்பு, ஆனால் குதித்தால் எப்படித் தரையிறங்குவது என்று தெரியாத உடம்பு. அதைச் சொல்லிக் கொடுத்தது நான். முட்டியை மடக்கி இறங்கு, விழும்போது கையை ஊன்றாதே, பந்தை நெஞ்சோடு சேர்த்துக்கொள். இதையெல்லாம் அவனே தொலைக்காட்சியில் என் பெயரைச் சொல்லி நன்றியோடு சொல்லியிருக்கிறான். பின்னாளில் லேக்ஷோர் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு டைட் எண்டாகப் போனான். வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஆள் அவன். பாதி நேரம் எதிராளியை முட்டித் தடுக்க வேண்டும், மீதி நேரம் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் முட்டிதான் முதல்.

போன வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் அவனுடைய வலது முட்டி ஜவ்வு கிழிந்தது. ஜனவரியில் அறுவை சிகிச்சை. அணியின் மைதானம் இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான். அவன் அம்மா வீட்டிலேயே தங்கி என்னிடமே சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன் என்றான், அணியும் சம்மதித்தது. அணி மருத்துவர் டாக்டர் ஹெக் புதன்கிழமைகளில் வந்து பார்ப்பார். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை அந்த முட்டிக்கு நான் செய்ததில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டால் உரிமத்தை இப்போதே எடுத்து வைத்துவிடுகிறேன்.

இனி மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள், மீன் இல்லாமல் இந்தக் கதை இல்லை.

என் மனைவி லோர்னாவின் அப்பா சாவதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் எங்கள் ஏரியில் ஐம்பத்தோரு அங்குல மஸ்கி மீன் ஒன்றைப் பிடித்தார். அதைப் பாடம் செய்து பலகையில் பதித்து வைத்திருந்தார். அவர் போன பிறகு வீடு, படகு, நிலம் எல்லாவற்றையும் பிள்ளைகள் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். மீனை மட்டும் பிரிக்க முடியவில்லை. லோர்னாவின் தம்பி கோர்டி ஒரு வழி சொன்னான். குடும்பத்திலும் நட்பிலுமாகப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஃபேன்டஸி லீக் நடத்துவோம், ஜெயிக்கிறவர் வீட்டுச் சுவரில் ஒரு வருடம் மீன் இருக்கட்டும் என்றான்.

உங்களுக்கு அந்த ஆட்டம் பழக்கமா தெரியவில்லை. ஆகஸ்டில் பத்துப் பேரும் உட்கார்ந்து, உண்மையான ஆட்டக்காரர்களை முறைவைத்து ஒவ்வொருவராகப் பொறுக்கி, ஆளுக்கொரு கற்பனை அணி அமைப்போம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் செய்வதெல்லாம் நமக்குப் பாயின்ட். ஒரு பந்தைப் பிடித்தால் ஒன்று, பத்து கஜம் முன்னேறினால் இன்னொன்று, அதாவது கஜத்துக்குப் புள்ளி ஒன்று, பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்தால் ஆறு. ஆட்டக்காரன் காயத்தில் இருந்தால் பூஜ்யம். பணம் வைத்து ஆடுவதில்லை, மீனுக்குத்தான் ஆடினோம்.

பதினாறு வருடங்களில் அந்த மீன் கோர்டி வீட்டில் ஏழு முறை தொங்கியது. மருந்துக்கடை மில்ட் எங்களுக்கு உறவுகூட இல்லை, அவன் வீட்டில் இரண்டு முறை. எங்கள் வீட்டில் ஒருமுறைகூட இல்லை. முதல் வருடமே லோர்னா கூடத்துச் சுவரில் பியானோவுக்கு மேலே பெரிய ஆணி ஒன்றை அடித்து வைத்திருந்தாள். அதில் அவள் வேறு எதையும் மாட்டவில்லை. என்னை அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தூசி தட்டும்போது அந்த ஆணியையும் துடைப்பாள், அவ்வளவுதான்.

போன வருடம் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, கோர்டி வீட்டு நிலவறையில் கூடினோம். ஆம்ப்ரோஸ் அக்டோபர் முதல் வாரம் களமிறங்குவான் என்று எனக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரியும். மற்றவர்கள் செய்தித்தாள் வாசித்துவிட்டு டிசம்பர் என்று நினைத்தார்கள். அதனால் அவன் மதிப்பு இறங்கிக் கிடந்தது. நோயாளியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. எட்டாவது சுற்றில் எடுத்துக்கொள்ளலாம் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். ஏழாவது சுற்றில் கோர்டியின் முறை வந்தது. அவன் சீட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"ஆம்ப்ரோஸ் டில்மன்" என்றான்.

"நொண்டிக் குதிரைய வாங்குறியே, கோர்டி" என்றான் மில்ட்.

"நொண்டியா? மச்சான் மூஞ்சியப் பாரு. ஊரே பீர் குடிக்கிற எடத்துல இந்த மனுஷன் ஒரு மணி நேரத்துல மூணு தடவ எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தாரு. அந்த முட்டி நல்லாத்தான் இருக்கு. ஏன் மச்சான், அடுத்த ரவுண்டுல நைசா அள்ளிக்கலாம்னு பாத்தே, இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோர்டி கெட்டவன் அல்ல, படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். எதையும் காதால் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் அன்று அவன் என் அடிமடியிலேயே கை வைத்துவிட்டான். பதினான்கு வயதிலிருந்து நான் கண்ணும் கருத்துமாக வளர்த்த கால்கள் அவை. அந்த முட்டியை எட்டு மாதம் நாள் தவறாமல் என் இரண்டு கையாலும் பிடித்து நீவி விட்டவன் நான். அவன் ஓடினால் பாயின்ட் கோர்டிக்குப் போகும். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். வயிறு எரிந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

என் கிளினிக்கின் பின்புறம் ஏரிக்கு இறங்கும் மரப்படிகள் இருக்கின்றன. நாற்பத்திரண்டு படிகள். தொடைக்கு வலு ஏற்ற அதைவிட நல்ல கருவி கிடையாது. ஜவ்வு ஒட்டிய முட்டிக்கு வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு ஆறு முறை ஏறி இறங்கினால் மருந்து. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அவனைப் பதினெட்டு முறை ஏறி இறங்கச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. அவன் எதையும் மறுத்ததில்லை.

புதன்கிழமை டாக்டர் ஹெக் வந்து பார்த்தபோது முட்டியில் நீர் கோத்திருந்தது. "ஒரு வாரம் பொறுப்போம்" என்றார். நானும் அதையே சொன்னேன். அடுத்த திங்கள் மறுபடியும் படிகள். புதன் மறுபடியும் நீர். இப்படி அக்டோபர் நடு வரை போனது. நான் எலும்பை உடைக்கவில்லை, ஜவ்வை அறுக்கவில்லை. ஒரு மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன். வீக்கம் வடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் எதையும் செய்கிற ஆள் அல்ல நான்.

இங்கே எங்கள் லீக்கின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். காயம்பட்டவர்களை வைத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் இடம்தான் உண்டு. கோர்டி அதில் ஆம்ப்ரோஸை வைத்திருந்தான். அக்டோபரில் அவனுடைய சிறந்த ஓட்டக்காரன் கணுக்காலை முறித்துக்கொண்டான். இருவரில் ஒருவரை விட்டாக வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை தேவாலய மண்டபத்தில் வழக்கமான மீன் விருந்து. கோர்டி தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

"மச்சான், ஒளிக்காம சொல்லு. அந்தப் பய இந்த சீசன் ஆடுவானா?"

"நோயாளி விஷயத்த வெளிய பேசக் கூடாது, கோர்டி. உனக்கே தெரியும்."

"பேச வேணாம். சும்மா இப்படி என் மூஞ்சியப் பாரு, போதும்."

நான் முள்கரண்டியைத் தட்டில் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மீனைப் பாதியில் தள்ளி வைத்தேன். ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது, அதை நான் எப்போதும் மீறியதில்லை. கோர்டி நான் தள்ளி வைத்த மீனைப் பார்த்தான். பிறகு, "சரி, புரிஞ்சுது. பாவம், வெர்லின்" என்று சொல்லி எழுந்து போனான். செவ்வாய்க்கிழமை ஆம்ப்ரோஸை விட்டுவிட்டான். விடப்பட்டவர்களைப் புதன் காலையிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் அவனுக்கு நான் செய்த சிகிச்சையைப் போல எந்த ஆட்டக்காரனுக்கும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். படிகளை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகூடக் கிளினிக்கைத் திறந்தேன். பனிக்கட்டி ஒத்தடம், தண்ணீர்த் தொட்டிப் பயிற்சி, இரண்டு வேளை நீவல். லோர்னா அவனுக்கென்று சூப் வைத்துக் கொடுத்து அனுப்புவாள். "அந்தப் புள்ளமேல உனக்கு எவ்வளவு பாசம், ஹார்லன்" என்பாள். உண்மைதான், பாசம் இருந்தது.

ஆனால் ஒரு தவறு செய்துவிட்டேன். முட்டியில் நீர் நின்றால் தொடைத் தசை தூங்கிவிடும். மாணவர்களுக்கே தெரிந்த பாடம் இது. ஆறு வாரம் நீர் நின்றதில் அவனுடைய வலது தொடை என் அளவு நாடாவில் ஓர் அங்குலம் மெலிந்திருந்தது. வீக்கம் வடிந்தது, தசை திரும்பவில்லை. நவம்பர் சோதனையை நீங்களே வைத்திருக்கிறீர்கள். ஒற்றைக் காலில் நின்று முடிந்த தூரம் குதிக்க வேண்டும், மூன்று வாய்ப்பில் சிறந்ததை எழுதுவோம். இடது கால் எழுபத்தெட்டு அங்குலம். வலது கால் ஐம்பது. அடிபட்ட கால் நல்ல காலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது குதித்தால்தான் களத்துக்கு அனுப்புவது வழக்கம். அவன் அறுபத்து நான்கில் இருந்தான்.

டாக்டர் ஹெக் தொலைபேசியில், "அவசரமே இல்ல, ஹார்லன். இந்த வருஷம் நாம நாலே ஆட்டம்தான் ஜெயிச்சிருக்கோம். அடுத்த ஆகஸ்டுல வரட்டும்" என்றார். ஆம்ப்ரோஸும் அதற்குச் சரி என்றுதான் சொன்னான். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை. அணி காத்திருக்கத் தயார், அவனும் தயார். என் லீக்தான் டிசம்பரில் முடிகிறது.

அதுவரை நான் பிழைத்து வந்திருந்தேன். பதினாறு வருடத்தில் இரண்டாவது முறையாக அரையிறுதிக்கு வந்திருந்தேன். என் மற்ற டைட் எண்ட் ஒரு மரக்கட்டை. வாரம் மூன்று பாயின்ட் எடுத்தால் அதிகம்.

டிசம்பர் பத்தாம் தேதி காலையில் படிகளில் கிடந்த பனியை நானே வாரித் தள்ளி உப்புத் தூவி வைத்தேன். அவன் வழுக்கிவிடக் கூடாது அல்லவா. எட்டு மணிக்கு வந்தான். இன்று சோதனை, அதற்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்வோம் என்றேன். படிகளில் இடது காலால் மட்டும் ஏறச் சொன்னேன். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு முறை ஏறினான். பிறகு உள்ளே வந்து பெட்டிமேல் இடது காலால் ஏறி இறங்குவது, நூறு.

"மிஸ்டர் டெஷ், அடிபட்டது வலது காலு. இன்னிக்கு என்ன இடது காலப் போட்டு இந்த வாங்கு வாங்குறீங்க?" என்று சிரித்தான்.

"நல்ல காலக் கவனிக்காம விட்டா அது கோவிச்சுக்கும்."

"எங்க அம்மா மாதிரிப் பேசுறீங்க."

பிறகு குதிக்கச் சொன்னேன். வலது கால் ஐம்பத்து நான்கு அங்குலம். அது உண்மையான ஐம்பத்து நான்கு. இடது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாய்ப்பில் அதிகபட்சம் ஐம்பத்தொன்பது. ஐம்பத்தொன்பதில் ஐம்பத்து நான்கு என்றால் தொண்ணூற்றொன்றைத் தாண்டுகிறது. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் ஒரு பொய்யான எண்கூட இல்லை. ஒரு கால் மேலே வரவில்லை என்றால் மற்றதைக் கீழே கொண்டுவரலாம், விகிதம் ஒன்றுதான்.

நீங்கள் நவம்பர் தாளையும் டிசம்பர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆரோக்கியமான கால் ஒரு மாதத்தில் எப்படிப் பத்தொன்பது அங்குலம் சுருங்கும் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. பத்து மாதமாக இந்தக் கோப்பு எத்தனையோ கைகள் மாறியிருக்கிறது. எல்லோரும் வலது காலையே பார்த்தார்கள். இடது காலைப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான். உங்களுக்கு இந்தத் தொழிலில் கண் இருக்கிறது.

டாக்டர் ஹெக் முட்டியை மடக்கிப் பார்த்தார். ஜவ்வு இறுக்கமாகத்தான் இருந்தது. கால் எப்படிக் குதிக்கிறது என்பதற்கு என் தாளை நம்பினார். என் தாளை எல்லோரும் நம்புவார்கள்.

எங்கள் அரையிறுதி வாரத்தில் ஆம்ப்ரோஸ் கொஞ்ச நேரம்தான் ஆடினான். மூன்று பந்து பிடித்தான், ஒரு டச்டவுன். நான் ஜெயித்தேன். மறுநாள் சிகிச்சைக்கு வந்தவன் மேசையில் படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ்டர் டெஷ், ஒண்ணு கேக்கவா? வலிக்கல. ஆனா வேகமாத் திரும்பும்போது அந்தக் காலு எனக்குக் கீழ இல்லாத மாதிரி இருக்கு. இந்த வாரம் உக்காந்துடவா?"

என் கை அவன் முட்டிமேல்தான் இருந்தது. தசை எவ்வளவு மெலிசாக இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரிந்தது.

"தாள் தொண்ணூத்தொண்ணுன்னு சொல்லுது, ஆம்ப்ரோஸ். பயம் முட்டில இல்ல, தலைலதான் இருக்கு. எல்லாருக்கும் வர்றதுதான்."

"நீங்க சொன்னா சரி. உங்களுக்குத் தெரியாததா" என்றான். பிறகு, "உங்க கை இன்னிக்கும் இதமா இருக்கு" என்றான்.

லீக்கின் இறுதி ஆட்டம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு மதியம். எதிரணி யார் என்று நினைக்கிறீர்கள்? கோர்டிதான். எல்லோரும் அவன் நிலவறையில் கூடியிருந்தோம். மீன் சுவரில் இருந்தது, அதன் கண்ணாடிக் கண் எப்போதும் போல எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. லேக்ஷோர் மைதானம் கல்லாக உறைந்திருந்தது.

"வளர்த்த கடா மார்ல பாய்ஞ்ச கதையா இருக்கு. நான் விட்ட பயல வச்சே என்ன அடிக்கிறான் பாரு" என்று கோர்டி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோபம் இல்லை. தோற்றாலும் சிரிக்கத் தெரிந்தவன்.

இரண்டாவது கால்மணிப் பகுதியில் நான் கவனித்தேன். ஆம்ப்ரோஸ் புறப்படும்போது இடது காலால் மட்டும் உந்துகிறான். வலது கால் வெறுமனே கூட வருகிறது. அந்த அறையில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. டாக்டர் ஹெக்கின் எண் என் சட்டைப்பையில் இருந்த கைபேசியில் இருந்தது. மைதான ஓரத்தில் நின்றாலும் எடுத்துப் பேசுவார். அப்போது நான் பதினொரு பாயின்ட் பின்தங்கியிருந்தேன். இடைவேளை வந்தது. ஒரு கிண்ணம் சில்லிக் கறிக்குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். கோர்டியின் மனைவி அதில் சோளம் சேர்ப்பாள், நன்றாக இருந்தது.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நான் ஒன்று புள்ளி மூன்று பின்னால் இருந்தேன். கோர்டியின் ஆட்கள் எல்லோரும் ஆடி முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் ஆம்ப்ரோஸ் ஒருவன்தான்.

"ஒரே ஒரு பந்து, மச்சான்" என்றான் கோர்டி. "ஒண்ணே ஒண்ணு புடிச்சா போதும். பதறாத. பதினாறு வருஷம் பொறுத்த மனுஷன்."

லோர்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்து அவனிடம் வந்தது. எகிறிப் பிடித்தான். வலது காலில் இறங்கினான். அந்தக் கால் அவனுக்குக் கீழே இல்லை. எதிராளி ஒருவன் பக்கவாட்டில் அதன்மேல் விழுந்தான். முட்டி எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், திரும்பத் திரும்பக் காட்டினார்கள், பிறகு காட்டுவதை நிறுத்தினார்கள். அவன் கையை ஊன்றவில்லை. பந்தை நெஞ்சோடு சேர்த்தே பிடித்திருந்தான், நான் சொல்லிக் கொடுத்தபடி. பிடித்தது செல்லும் என்று தீர்ப்பானது. பதினொரு கஜம். இரண்டு புள்ளி ஒன்று.

முதலில் காலைப் பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான். எண்ணைத்தான் பார்த்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், தொலைக்காட்சி அறையின் அந்தக் கோடியில் இருந்தது, கைபேசி என் கையில் இருந்தது. பக்கத்தில் இருப்பதுதான் முதலில் கண்ணில் படும்.

வெகுநேரம் கழித்துக் கோர்டி எழுந்து சுவரிலிருந்து மீனைக் கழற்றினான். "எடுத்துட்டுப் போ, மச்சான். இனிமே இத இங்க வச்சுப் பாக்க என்னால முடியாது" என்றான். லோர்னா அதை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. வண்டியின் பின்னிருக்கையில் போட்டாள்.

முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அறுந்துவிட்டது. இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். பாதத்துக்கு ரத்தம் போகவில்லை. புதன்கிழமை காலையில் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவனுக்கு இருபத்தேழு வயது.

மீன் எங்கள் வீட்டு ஆணியில் பதினோரு நாள் தொங்கியது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் லோர்னா, "ஹார்லன், கோர்டி அவன விடணும்னு நீ காத்துக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டாள். உருளைக்கிழங்கை எடுத்து வைக்கச் சொன்னேன். மறுநாள் மீன் கார் கொட்டகையில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஆணியையும் பிடுங்கிவிட்டாள். அந்த ஓட்டையை இன்னும் பூசவில்லை. பிப்ரவரியிலிருந்து அவள் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

சரி, நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாகச் சொல்லிவிடுகிறேன். முட்டியில் நீர் கோக்க வைத்தது நான். கோர்டியை ஏமாற்றியது நான். நல்ல காலை ஓய்த்துவிட்டு அளந்ததும், உட்கார்ந்துவிடவா என்று கேட்டவனை ஆடச் சொன்னதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அவனுக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். அவன் கேட்கவில்லை. மே மாதம் செயற்கைக் கால் பொருத்தினார்கள். நடை பழக நகரத்தில் பெரிய பெரிய இடங்கள் இருக்கின்றன, அணியே அனுப்புவதாகச் சொன்னது. "மிஸ்டர் டெஷ்கிட்டயே போறேன், அவருக்குத்தான் என் காலு தெரியும்" என்று சொல்லி வந்தான். வியாழன்தோறும் பத்து மணிக்கு வருகிறான். வெர்லின் ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்து அனுப்புகிறாள்.

இந்த ஆகஸ்டில் கோர்டி லீக்கைக் கலைத்துவிடலாம் என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். போன வருட அணியிலிருந்து ஆளுக்கு ஒருவரை மட்டும் தக்கவைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் வழக்கம். என் முறை வந்தபோது ஆம்ப்ரோஸ் டில்மன் என்றேன். கோர்டி எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். இந்த வருடம் காயம்பட்டவர்களுக்கான அந்த ஓர் இடத்தில் அவன் பெயர்தான் இருக்கிறது. எனக்கு அதனால் வாரம் ஒரு பாயின்ட்கூடக் கிடையாது, தெரியுமா?

ஒரே ஒரு வேண்டுகோள். உரிமத்தை எடுப்பதாக இருந்தால் வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வியாழன் அவனுக்குப் படி ஏறக் கற்றுக்கொடுக்க வேண்டும். இனி அவன் பாரமெல்லாம் இடது காலில்தான். அந்தக் கால் எவ்வளவு தாங்கும், எந்தப் படியில் நடுங்கத் தொடங்கும் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. லேக்ஷோர் அணி அவன் பெயரை ஏப்ரலிலேயே நீக்கிவிட்டது. கோர்டி இரண்டு மாதம்கூடப் பொறுக்காமல் விட்டவன். நான் மட்டும் அவனை இன்னும் விடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.